அந்த நாலு நிமிஷம்

ஜனவரி மாதம் ஹரியானாவில் இட்லி மாவு புளிக்க வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப் போவதில் பாதி ஏற்கெனவே தெரியும். எங்கள் வீட்டில் மாவுப் பாத்திரத்துக்கு என்று தனியாக ஒரு பழைய சால்வை உண்டு. அதைப் போர்த்தி, மைக்ரோவேவ் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு சொம்பு வெந்நீரும் வைத்துக் கதவைச் சாத்தினால், ஒன்றரை நாள் கழித்து ஏதோ கொஞ்சம் பொங்கியிருக்கும். அதே மாவை ஜூன் மாதம் ராத்திரி ஒன்பது மணிக்குக் கரைத்து வைத்தால் விடிகாலையில் மேடையெல்லாம் மாவு. அரிசி அதே, உளுந்து அதே, உப்பு அதே, அரைக்கிற கையும் அதே. சூடு மாறினால் நேரம் மாறுகிறது, அவ்வளவுதான். இதை என் மனைவியிடம் யாரும் பாடமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் மட்டும் நாற்பத்தைந்து வயதில், ஒரு ப்ளைவுட் ஆலையில், கொஞ்சம் செலவு வைத்துத் தெரிந்துகொண்டேன். செலவு என்னுடையது இல்லை என்பதுதான் இதை எழுதக் காரணம்.

நான் பி.காம். வங்கியில் கடன் பிரிவு அதிகாரி. இப்போது இருப்பது யமுனா நகர். ஊர் பெயரைச் சொன்னால் நம்மூரில் பலருக்குத் தெரியாது. பக்கத்தில் ஜகாத்ரி, பாத்திரங்களுக்குப் பெயர் போனது. யமுனா நகருக்குப் பெயர் ப்ளைவுட்டால். காலையில் வங்கிக்குப் போகும் வழியில் டிராக்டர் டிராலிகள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றிலும் பாப்ளர் கட்டைகள், இல்லையென்றால் நம்ம தைலமரம் (இங்கே சஃபேதா என்பார்கள்). விவசாயி கோதுமை வயலிலேயே பாப்ளரை வரிசையாக நட்டுவிடுவார். குளிர்காலத்தில் அது இலையை உதிர்த்துவிடுவதால் கோதுமைக்கு வெயிலும் கிடைக்கும், ஆறேழு வருஷத்தில் மரமும் கிடைக்கும். 1980களில் இந்த மரத்தை விவசாயிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததில் பெரிய பங்கு தீப்பெட்டிக் கம்பெனியான விம்கோவுக்கு உண்டு. சென்னைக்காரர்களுக்கு விம்கோ நகர் ஞாபகம் வரும், அதே விம்கோதான்.

இன்னொரு தொடர்பும் சொல்லிவிடுகிறேன். கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்து கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று ஓர் உத்தரவு வந்தது. நாடு முழுவதும் காட்டு மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் விழுந்தது. வடகிழக்கு மாநிலங்களில் பல ப்ளைவுட் ஆலைகள் மூடப்பட்டன. காட்டு மரம் கிடைக்காததால் தொழில் வயல் மரம் இருக்கும் இடத்தைத் தேடி வந்தது. நீலகிரியில் தொடங்கிய வழக்கு யமுனா நகரில் பிரஸ் போட வைத்தது என்று நான் சொன்னால், இங்கே ஆலைக்காரர்கள் சிரிப்பார்கள், ஆனால் மறுக்க மாட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மாதா மாதம் நான் ஆலைகளுக்குப் போவது ஸ்டாக் பார்க்க. கடன் வாங்கியவர் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்டில் இத்தனை பலகை, இத்தனை வெனீர், இத்தனை ரெசின் என்று இருக்கும். நான் போய் எண்ணிவிட்டு, 25 சதவீதம் மார்ஜின் கழித்து, இவ்வளவு பணம் எடுக்கலாம் என்று எழுதிவிட்டு வருவேன். பல வருஷமாக இதுதான் வேலை. அடுக்கி வைத்த பலகையை எண்ணத் தெரியும். அது எப்படிப் பலகையானது என்று கேட்கத் தோன்றியதில்லை.

கேட்க வைத்தவர் ஒரு பிரஸ் மிஸ்திரி. பீகார்க்காரர். நம்மைப் போலவே ஊரை விட்டு வந்தவர், ஆனால் நமக்கு எல்.டி.சி. உண்டு, அவருக்குக் கிடையாது. நான் ஒரு நாள் பலகைகளை எண்ணிக்கொண்டு நிற்கும்போது, அவர் விரல் முட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஒன்றில் 'டொக்' என்று வந்தது, அடுத்ததில் 'டப்' என்று பானை மாதிரி. "இதையும் எண்ணிட்டீங்களா சாப்?" என்று கேட்டார். எண்ணியிருந்தேன்.

உள்ளே அழைத்துப் போய்க் காட்டினார். பசை தயாராவது ஒரு பெரிய கெட்டிலில், யூரியாவையும் ஃபார்மலினையும் சேர்த்துச் சமைத்து. அதில் மைதா கலப்பார்கள். (சினிமா போஸ்டர் ஒட்டும் மைதாப் பசையை நினைத்து நான் சிரித்தேன். ஆனால் மைதா இல்லையென்றால் பசை மரத்துக்குள் இறங்கிக் காணாமல் போய்விடுமாம். விலையும் குறையும் என்பது இன்னொரு காரணம், அதை அவர் சொல்லவில்லை.) கடைசியாக ஒரு வெள்ளை உப்பு. பார்த்தால் நம்ம நவச்சாரம், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் போடுவாரே, அதே அமோனியம் குளோரைடு. அது விழுந்த நொடியில் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. நவச்சாரம் பசையில் மிச்சமிருக்கும் ஃபார்மால்டிஹைடோடு சேர்ந்து அமிலத்தை விடும், அமிலம் ஏற ஏறப் பசை இறுகும். தொட்டியில் இருக்கும்போதே மெதுவாக இறுகத் தொடங்கிவிடும். அது கைக்கு அடங்கி இருக்கும் காலத்தைத்தான் பாட் லைஃப் என்கிறார்கள். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பள்ளியில் படித்தோமே, அது இங்கே தொட்டியில் தெரிகிறது. ஜனவரியில் மதியம் வரை வந்த கலவை ஜூனில் காலை டீக்கு முன்பே கெட்டியாகிவிடும். அதனால் கோடையில் நவச்சாரத்தைக் குறைப்பார்கள், கொஞ்சம் அமோனியா சேர்த்துத் தள்ளிப்போடுவார்கள். காலண்டரைப் பார்த்து அளவை மாற்றாத மிஸ்திரி வேலைக்கு ஆக மாட்டார். மனைவி உளுந்தின் அளவை மாற்றுவது மாதிரிதான்.

பிறகு ரோலரில் வெனீர் ஓடும், இரண்டு பக்கமும் பசை ஏறும், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். இங்கேயும் ஒரு நேரக் கணக்கு. பசை பூசிய தாளைத் திறந்தபடி விட்டுவிட்டால், காய்ந்த மரம் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், மேல் தாள் வருவதற்குள் பசை வறண்டுவிடும். அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் ஒட்டாது. அவசரப்பட்டு ஈரமாகவே பிரஸ்ஸில் வைத்தாலும் வம்பு. பசை ஓரத்தால் பிதுங்கி ஓடிவிடும், நடுவில் ஒட்டுவதற்கு மிச்சம் இருக்காது. சாப்பாட்டு இடைவேளைக்கு மணி அடித்ததும் பாதி அடுக்கை அப்படியே போட்டுவிட்டுப் போனால் அந்த அடுக்கு முழுவதும் சந்தேகக் கேஸ்.

கடைசியில் ஹாட் பிரஸ். பத்துத் தட்டு உள்ள பிரஸ் என்றால் பத்து அடுக்கு ஒரே சமயத்தில் வேகும். தட்டுகள் தண்ணீர் கொதிநிலைக்கு மேலேயே சூடாக இருக்கும். வெளியில் இருக்கும் பசை சீக்கிரம் வெந்துவிடும். நடுவில் இருக்கும் பசைக் கோட்டுக்குச் சூடு போய்ச் சேர வேண்டும், மரம் சூட்டை அவ்வளவு சுலபத்தில் கடத்தாது. அதனால்தான் மெல்லிய பலகைக்குச் சில நிமிஷம், 18 மில்லிமீட்டருக்குப் பல மடங்கு. ஏற்றும்போதும் வேகம் வேண்டும். முதலில் ஏற்றிய பலகை சூட்டுத் தட்டின் மேல் அழுத்தம் வராமல் காத்துக்கொண்டிருந்தால், அடிப்பக்கப் பசை ஒட்டாமலேயே வெந்து தொலைக்கும். இறக்கும்போது அழுத்தத்தை மெதுவாக விட வேண்டும். உள்ளே மரத்தின் ஈரமெல்லாம் நீராவியாக நிற்கிறது. பசை வேகாமல் இருக்கும்போது டப்பென்று திறந்தால் ஆவி பலகையைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

"ஃபுல்கா மாதிரி சாப். ரொட்டி உப்பினா நல்லது. பலகை உப்பினா போச்சு" என்றார்.

இதற்கு மேல் எந்தக் கெமிஸ்ட்ரி புத்தகமும் எனக்குத் தேவைப்படவில்லை.

இப்போது என் பக்கத்துக் கணக்கு. ஒரு 18 மில்லிமீட்டர் பலகைக்குப் பிரஸ்ஸில் 16 நிமிஷம், ஏற்றி இறக்க 4 நிமிஷம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று 20 நிமிஷம். 12 மணி நேர ஷிப்டில் 36 சுற்று, பத்துத் தட்டில் 360 பலகை. அந்த 16ஐ 12 ஆக்கினால் சுற்று 16 நிமிஷம், 45 சுற்று, 450 பலகை. நாலு நிமிஷத்தைத் திருடினால் ஷிப்டுக்கு 90 பலகை லாபம். பலகை 1,500 ரூபாய் என்றால் 1,35,000 ரூபாய். புதிய மெஷின் வேண்டாம், புதிய ஆள் வேண்டாம், கரண்ட் பில் கூடாது. எந்த பி.காம். படித்தவனும் இதைப் பார்த்தால் கண் சிமிட்டுவான். இதில் வேடிக்கை என்னவென்றால் அந்தப் பலகைகள் அன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும். தட்டினால் கூட நிறைய பலகை 'டொக்' என்றுதான் சொல்லும். மழைக்காலம் வரும்போதுதான் பிரியும், அதுவும் யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில்.

பிரஸ்ஸில் வேலை செய்கிறவர்களுக்கு நான் பார்த்த ஆலைகளில் பெரும்பாலும் பீஸ் ரேட். ஒப்பந்தக்காரர் ஒருவர், அவர் கீழ் ஒரு கூட்டம், பலகைக்கு இவ்வளவு என்று கூலி. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பலகை எண்ணிக்கைக்குக் கூலி கொடுத்துவிட்டு, பிரஸ்ஸைப் பொறுமையாகத் திற என்று சுவரில் எழுதி வைப்பது நியாயமே இல்லை. வேகாத பசை அவர்களையும்தான் முதலில் அடிக்கிறது. பிரஸ் திறக்கும்போது பக்கத்தில் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள், கண் எரிந்து தண்ணீர் கொட்டும். அது ஃபார்மால்டிஹைடு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. நிமிஷத்தைக் குறைத்து அரைகுறையாக வெந்த பலகை, புது வீட்டு அலமாரிக்குள்ளும் அதை மெதுவாக விட்டுக்கொண்டே இருக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது கூலியைப் பற்றி மட்டும் இல்லை. அந்த நாலு நிமிஷத்தை ஒரு முறை திருடச் சொன்னவன் நான்.

எங்கள் கிளையில் ஒரு ஆலைக் கணக்கு. பேர் வேண்டாம், நல்ல மனிதர். அந்த வருஷம் ஜனவரியில் பனி மூட்டம் மூன்று வாரத்துக்கு மேல் விலகவில்லை. இங்கே வெனீரை வெயிலில் காய வைப்பது வழக்கம். ஊருக்கு வெளியே போனால் வயலெல்லாம் வெள்ளைத் தாள் காயப் போட்ட மாதிரி இருக்கும். வெயிலே இல்லையென்றால்? டிரையர் வைத்திருக்கும் பெரிய ஆலை சமாளிக்கும். இவருடையது சின்ன ஆலை. வெனீர் காயவில்லை, பிரஸ் பாதி நேரம் சும்மா நின்றது. விற்பனை இல்லை, கணக்கில் வட்டி ஏறவில்லை. முதல் 30 நாள் தாண்டியது, எஸ்.எம்.ஏ. என்று கம்ப்யூட்டர் சிவப்பு காட்டியது. பிறகு 60. 2004 மார்ச்சிலிருந்து 90 நாள் விதி, அதைத் தாண்டினால் வாராக்கடன். அதுவும் மார்ச் மாதம். வங்கியில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டில் மார்ச் மாதம் எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரியும்.

தினம் இரண்டு முறை போன் செய்தேன். "எப்படியாவது 31க்குள்ள சரக்கை அனுப்புங்க, பில்லைப் போடுங்க, பணத்தைக் கொண்டாங்க" என்றேன். மிரட்டவில்லை, மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் சொன்னார், "தாள் இன்னும் ஈரமா இருக்கு சார், ஒரு பதினைந்து நாள் குடுங்க." என்னிடம் பதினைந்து நாள் இல்லை. எனக்கு மேலே இருப்பவரிடமும் இல்லை. ஆனால் மார்ச் 30ஆம் தேதி பணம் வந்தது. கணக்கு பச்சையானது. கிளைக்கு ஸ்வீட் வந்தது, நானும் ஒரு லட்டு சாப்பிட்டேன்.

மே மாதக் கடைசியில் இரண்டு லாரி சரக்கு திரும்பி வந்தது. ஈரத் தாளுக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் கொடுத்திருக்க வேண்டும். அவர் குறைத்துவிட்டார். பில் ரத்து, முன்பணமாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், லாரி வாடகை இரண்டு பக்கமும் இவர் தலையில். நான் மார்ச்சில் வசூலித்த தொகையைவிட அதிகமாக ஜூனில் அவருக்கு ஓட்டை. எனக்கு அந்தப் பலகைகளைக் காட்டும்போது அவர் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. மிஸ்திரி மட்டும் ஒரு பலகையைத் தட்டி 'டப்' என்று காட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

என் சக ஊழியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "நீ கடன்காரன், கோந்து டாக்டர் இல்லை. பலகை எப்படிச் செய்யணும்னு அவனுக்குத் தெரியாதா? டிரையர் வாங்காதது அவன் தப்பு" என்றார். நியாயமான வாதம்தான். அவருக்குத் தெரியும். தெரிந்தே செய்தார். ஏன் செய்தார் என்பதுதான் கேள்வி. பசையின் கடிகாரம் ஒன்று, என்னுடைய கடிகாரம் ஒன்று, இரண்டும் மோதும்போது என்னுடையதுக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது, பசைக்குப் பின்னால் யாரும் இல்லை.

சிறு தொழிலுக்கு நடைமுறை மூலதனம் எப்படிக் கணக்கிடுகிறோம் என்று பாருங்கள். நாயக் கமிட்டி 1990களின் தொடக்கத்தில் சொன்ன சூத்திரம், ஐந்து கோடி வரையிலான லிமிட்டுக்கு இன்றைக்கும் அதுதான். வருஷ விற்பனையில் 25 சதவீதம் தேவை, அதில் 20 வங்கி, 5 முதலாளி. அதாவது பணம் வருஷத்துக்கு நாலு சுற்று சுற்றும் என்ற அனுமானம். தள்ளுபடி செய்ய முடியாத நல்ல சூத்திரம். அதற்கு முன்னால் சின்னத் தொழில்காரர்கள் பட்ட பாடு எங்கள் சீனியர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த நாலு சுற்றும் ஒரே நீளம் என்று எவன் சொன்னான்? பனிக்காலச் சுற்று நீளம், கோடைச் சுற்று குட்டை. சர்க்கரை ஆலைக்கும் அரிசி ஆலைக்கும் சீசன் லிமிட், சீசன் இல்லாதபோது ஒரு லிமிட் என்று இரண்டு வைக்கிறோம். கரும்புக்கு சீசன் உண்டு என்பது கண்ணுக்குத் தெரிகிறது. வெனீர் காய்வதற்கும் சீசன் உண்டு என்று எங்கள் படிவத்தில் எந்தக் கட்டமும் இல்லை. ஜனவரி, பிப்ரவரிக்கு மட்டும் கூடுதல் லிமிட், ஏப்ரலில் தானாகக் குறையும்படி வைத்தால் என்ன குடி முழுகிவிடும்? விதியில் அதற்கு இடம் இருக்கிறது. போட மனசு இல்லை, அவ்வளவுதான்.

டிரையருக்கு டெர்ம் லோன் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் டிரையர் வாங்கிய பிறகும் யாராவது அந்த நாலு நிமிஷத்தைத் திருடலாம். அதனால் ஸ்டாக் பார்க்கப் போகிறவன் பிரஸ் பதிவேட்டையும் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. எத்தனை மணிக்கு ஏற்றினார்கள், எத்தனை மணிக்கு இறக்கினார்கள், கலவை எப்போது போட்டார்கள். இது இல்லாத ஆலையில் நான் எண்ணுகிற பலகை ஸ்டாக்கே இல்லை, நம்பிக்கை மட்டும்தான். நம்பிக்கைக்கு 25 சதவீத மார்ஜின் போதாது. :-)

நம்ம வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. புது ஃபிளாட்டில் குடி போகிற அவசரத்தில், கார்பென்டரை "தீபாவளிக்குள்ள முடிச்சுடுப்பா" என்று நெருக்குகிறவர்கள் நாம்தான். மைக்கா ஒட்டும் மஞ்சள் பசை இருக்கிறதே, அதை இரண்டு பக்கமும் பூசி, கையில் ஒட்டாத அளவு காய விட்டு, அப்புறம்தான் சேர்க்க வேண்டும். சேர்த்தால் அப்போதே பிடிக்கும், நகர்த்த முடியாது. வெள்ளைப் பசைக்கு நேர் எதிர். ஈரத்தில் சேர்த்து, பாரம் வைத்து, மணிக்கணக்கில் தொடாமல் விட வேண்டும். ஒன்றுக்குரிய பொறுமையை இன்னொன்றுக்குக் காட்டினால் இரண்டும் பிரியும். சமையலறை சிங்க்குக்குக் கீழே எந்தப் பலகை என்றும் கேளுங்கள். நான் மேலே சொன்ன யூரியாப் பசைப் பலகை தண்ணீருக்கு ஆகாது. 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கும் ஐ.எஸ். 710 பலகை வேறு, அதில் ஃபீனால் பசை, அது பிரஸ்ஸில் இன்னும் அதிகச் சூடு கேட்கும். விலையும் அதிகம். விலை குறைவாக இருக்கிறதே என்று கடையில் சந்தோஷப்படும்போது, அந்தக் குறைவில் எத்தனை நிமிஷம் இருக்கிறது என்று எனக்கு இப்போதெல்லாம் தோன்றுகிறது.

அந்த ஆலைக்காரரின் கணக்கு இன்னும் எங்கள் கிளையில்தான் இருக்கிறது, தட்டுத் தடுமாறி ஓடுகிறது. பனிக்கால லிமிட் கேட்டு அவருக்காக ஒரு பரிந்துரை எழுதி மேலே அனுப்பினேன். வெனீர் காயும் நாட்கள், பிரஸ் நேரம் எல்லாம் அட்டவணையாகப் போட்டு, மிஸ்திரியிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. போன வாரம் திரும்பி வந்திருக்கிறது. ஓரத்தில் பென்சிலில் ஒரே ஒரு கேள்வி: பனி மூட்டத்துக்கும் கேஷ் கிரெடிட்டுக்கும் என்ன சம்பந்தம்?

பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இட்லி மாவில் ஆரம்பிக்கலாமா என்று மனைவியிடம் கேட்டதற்கு, வேண்டாம் என்றாள்.